டர்ன் டவுனுக்கு எதிர்ச்சொல் மூணு: திருப்பாப்புலியூர்ல நான் போன ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

முதல்ல ஸ்மோக் அலாரம் கதை. அது நடக்கலைன்னா 3,500 ரூபாய் கட்டி இந்த வகுப்புல நான் சேர்ந்திருக்கவே மாட்டேன்.

புதுச்சேரி ஒயிட் டவுன்ல ஒன்பது ரூம் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன்ல இருக்கேன், பதினோரு வருஷமா. வீடு கடலூர் வண்டிப்பாளையம். தினமும் பஸ்தான். படிச்சது தமிழ் மீடியம். இங்கிலீஷ் எல்லாம் கெஸ்ட்டுங்க பேசறதைக் கேட்டுக் கேட்டுப் பிடிச்சது. பெரிய வார்த்தைன்னா எனக்குப் பயமே கிடையாது. காம்ப்ளிமென்டரி, ரெஃபண்டபிள், அக்காமடேஷன் எல்லாம் தண்ணிபட்ட பாடு. ஆளைக் கவுக்கறது சின்னச் சின்ன வார்த்தைங்கதான். அப், டவுன், ஆன், ஆஃப், இன், அவுட். தனியா நின்னா பரம சாது. ஒரு வினைச்சொல்லு பக்கத்துல போய் ஒட்டிக்கிச்சுன்னா யாரு பெத்த பிள்ளைன்னே தெரியாது.

மாடியில சமையல் மேடை உள்ள ஏழாம் நம்பர் ரூம்ல ஒரு வெளிநாட்டுத் தம்பதி. அந்தம்மா கீழே வந்து, "தி ஸ்மோக் அலாரம் கோஸ் ஆஃப் எவ்ரி டைம் வீ குக்"னாங்க. ஆஃப்னா ஆஃப்தானே? ரிஜிஸ்டர்ல "ரூம் 7, சமைக்கும்போது அலாரம் நின்னு போகுது"ன்னு எழுதிட்டு எலக்ட்ரீஷியன் தம்பிக்கு ஃபோன் போட்டேன். அவரும் பொறுப்பா வந்து புது பேட்டரி போட்டுட்டுப் போனார். ராத்திரி எட்டு மணிக்கு அவங்க முட்டையைச் சட்டியில ஊத்தினதுதான் தாமதம், அந்தத் தெருவே எட்டிப் பார்க்கற மாதிரி அலாரம் அலறுது. நான் மேலே ஓடறேன். அந்த ஐயா ஸ்டூல் மேல ஏறி நின்னு துண்டால அதை விசிறிக்கிட்டு இருக்கார். "இட் வென்ட் ஆஃப் அகெய்ன்!"ங்கறாங்க அந்தம்மா. நான் ரொம்பப் பணிவா, "நோ மேடம், இட் ஈஸ் ஆன்"னேன்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அதுக்கடுத்த ஞாயிறு போய்ச் சேர்ந்துட்டேன்.

வகுப்போட பேரை இங்க போடப் போறதில்ல. நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு, கெட்டதைச் சொன்னா வாத்தியார் மனசு நோகும். கடலூர் திருப்பாப்புலியூர்ல ஒரு கடைக்கு மேல ஒரே ஹால். படி செங்குத்தா இருக்கு, முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கங்க. ஃபேன் ரெண்டு, அதுல ஒண்ணு சுத்தறதைவிடச் சத்தம்தான் அதிகம். குடிக்கத் தண்ணி நாமதான் கொண்டு போகணும். ஞாயிறு காலை பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும், பத்து வாரம். நடத்தற ஓனர் ஒரு இளைஞர். பாடம் எடுக்கறது ரிட்டையர் ஆன ஹைஸ்கூல் வாத்தியார் ஒருத்தர். பதினாலு பேர் இருந்தோம். வெளிநாடு போகத் தயாராகிட்டிருக்கற ஒரு நர்ஸ் பொண்ணு, சிங்கப்பூர் போற சாரம் கட்டற தம்பி, பேங்க் பரீட்சை எழுதற பிள்ளைங்க நாலஞ்சு பேர், அப்புறம் நான். வயசுல நான்தான் பெரியவ. முதல் நாளே எல்லாருக்கும் அக்கா ஆயிட்டேன்.

சேரும்போதே 250 ரூபாய்க்குத் தலையில கட்டற புத்தகம் ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி முதல்ல சொல்லிடணும், இல்லைன்னா ஆறாது. ஓனரே தயார் பண்ணி அடிச்சது. ஃப்ரேஸல் வெர்ப், அதாவது வினைச்சொல்லோட இந்தச் சின்ன வார்த்தை ஒட்டி வர்றது, அதோட எதிர்ச்சொல்லுக்குன்னே தனிப் பகுதி. இடது பக்கம் ஒரு சொல், நடுவுல பெருக்கல் குறி, வலது பக்கம் எதிர்ச்சொல். பார்க்க அழகா இருக்கும். ஆனா யாரோ ராத்திரி உட்கார்ந்து அப் வந்த இடத்துல டவுன், ஆன் வந்த இடத்துல ஆஃப்னு கண்ணை மூடிக்கிட்டு மாத்திட்டே போயிருக்காங்க. புட் ஆனுக்கு எதிர் புட் ஆஃப். கிவ் அப்புக்கு எதிர் கிவ் டவுன். கோ ஆஃபுக்கு எதிர் கோ ஆன், அதாவது என்னை அந்தம்மா முன்னாடி நிக்க வச்ச அதே தப்பு. இதுக்கெல்லாம் சிகரம் வச்ச மாதிரி, லுக் ஆஃப்டருக்கு, அதாவது பார்த்துக்கறதுக்கு, எதிர் லுக் பிஃபோர். அதைப் படிச்சுட்டு நான் பஸ்ல தனியா சிரிச்சதுல பக்கத்து சீட்டு அம்மா தள்ளி உட்கார்ந்துட்டாங்க.

சார் முதல் நாள் வந்து, "எல்லாரும் புத்தகம் வாங்கிட்டீங்களா?"ன்னார். வாங்கிட்டோம் சார்னோம். "நல்லது. வீட்டுலயே பத்திரமா வைங்க"ன்னுட்டு ஒரு பிளைவுட் பலகையைத் தூக்கி மேசை மேல வச்சார்.

இந்தப் பலகைக்குத்தான் நான் ஸ்டார் போடறேன். அதுல ஒரு ஸ்விட்ச், பழைய காலத்து உருண்டை ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு, நடுவுல ஒரு குண்டு பல்பு. அவரே வயரிங் பண்ணினதாம். ஸ்விட்சைத் தட்டினார். பல்பு எரிஞ்சுது. திரும்பத் தட்டினார். நின்னுது. "இதுக்கு ரெண்டே நிலைதான். எரியும், எரியாது. நடுவுல பேரம் கிடையாது. டர்ன் ஆன், டர்ன் ஆஃப்." அப்புறம் ரெகுலேட்டரைத் திருகினார். பல்பு சோர்ந்து சிவந்து, திரும்ப மெல்ல வெளுத்துது. "இதுக்குப் படிப்படியா. டர்ன் அப், டர்ன் டவுன். ஆன் ஆஃபுங்கறது கதவு, அப் டவுனுங்கறது மாடிப்படி. சரியா?" சரி சார்னோம்.

"சரின்னா, சிங்கப்பூர் தம்பி. உனக்கு ஒரு கம்பெனி வேலை குடுக்குது, நீ வேணாம்னுட்ட. யூ டர்ன்ட் டவுன் தி ஆஃபர். இதுக்கு எதிர்ச்சொல்?"

தம்பி ஜம்முனு, "டர்ன் அப் சார்."

"டர்ன் அப்னா ஆள் வந்து நிக்கறது. கல்யாணத்துக்கு வரமாட்டான்னு நினைச்சோம், கடைசியில டர்ன் அப் ஆயிட்டான், அப்படி. வேலையை வேணாம்னு சொல்றதுக்கு எதிர், ஒத்துக்கறது. டேக் அப்னு சொல்லலாம், அக்செப்ட்னும் சொல்லலாம்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீங்க ஹோட்டல்ல இருக்கறவங்க. உங்க ஊர்ல டர்ன் டவுன்னா என்ன?"ன்னார்.

எனக்கு சட்டுனு வரலை. அவரே சொன்னார். பெரிய ஹோட்டல்ல சாயங்காலம் ரூமுக்குப் போய், கட்டில் மேல விரிச்ச போர்வையோட ஒரு மூலையைப் பின்னால மடிச்சு, படுக்கத் தோதா பண்ணி வைப்பாங்க. அதுவும் டர்ன் டவுன்தான். அதுக்கு எதிர், காலையில படுக்கையைச் சரி பண்றது, மேக் அப் தி பெட். எங்க கதவுலயே 'ப்ளீஸ் மேக் அப் மை ரூம்'னு அட்டை தொங்குது. பதினோரு வருஷமா அதைத் தொங்கவிட்டுக்கிட்டு இருக்கேன், அது ஒரு எதிர்ச்சொல்லுன்னு தெரியாம. முன்ன ஒரு தடவை ஒரு கெஸ்ட் "டூ யூ டூ டர்ன் டவுன்?"னு கேட்டதுக்கு, ஏதோ ஆளை வேணாம்னு திருப்பி அனுப்பறதைக் கேட்கறாங்கன்னு நினைச்சு, "நெவர் மேடம், எவ்ரிபடி வெல்கம்"னு சொல்லியிருக்கேன். அதை வகுப்புல சொன்னதும் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சிரிச்சார்.

ஆக, டர்ன் டவுன் ஒண்ணு, எதிர்ச்சொல் மூணு. சார் போர்டுல எழுதிப் போட்டது ஒரே வார்த்தை: "எதை?" எதிர்ச்சொல் கேட்கறதுக்கு முன்னாடி எதைன்னு கேளு. சத்தத்தையா, வேலையையா, போர்வையையா? பத்து வாரமும் அந்த ஒரு வார்த்தையை அவர் அழிக்கவே இல்ல, அதைச் சுத்தித்தான் மத்ததை எழுதினார்.

இது இங்கிலீஷோட தனிக் கிறுக்குன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது வாரம் சார், "போடு. இதுக்குத் தமிழ்ல எதிர்ச்சொல் சொல்லுங்க"ன்னார். ஹால்ல ஆளாளுக்குக் கத்தறாங்க. சட்டை போடுன்னா கழட்டு. பாய் போடுன்னா சுருட்டு. பந்தல் போடுன்னா பிரி. லைட்டைப் போடுன்னா நிறுத்து. தாழ்ப்பாள் போடுன்னா எடு. வெயிட் போட்டுட்டான்னா இளைச்சுட்டான். யாரும் யோசிக்கவே இல்ல, வாயில தானா வருது. "கோலம் போடு?"ன்னார் சார். அங்கதான் எல்லாரும் நின்னோம். அழின்னு ஒரு பையன் சொல்ல, நர்ஸ் பொண்ணு, "கோலத்தை யாரு சார் அழிக்கறா? மிதிபட்டு மிதிபட்டு அதுவா போயிடும்"னுச்சு. சார் மேசையைத் தட்டினார். "வெயர் அவே! தானா தேஞ்சு போறது. புட் ஆனுக்கு எதிர் புட் ஆஃப்னு எழுதறவன், சட்டை போடுக்கு எதிர் சட்டை போடாதேன்னு எழுதற மாதிரி."

புட் ஆனையே வச்சு ஒரு முழு மணி நேரம் போச்சு. சட்டைன்னா டேக் ஆஃப். உடம்புன்னா லூஸ் வெயிட், அங்க சின்ன வார்த்தையே வேணாம். புட் ஆஃப் வேற ஜாதி, அது தள்ளிப் போடறது. அதுக்கு எதிர் ப்ரிங் ஃபார்வர்ட், முன்னால இழுக்கறது. நம்ம ஊர்ல ப்ரீபோன்னு ஒரு வார்த்தையை நாமளே செஞ்சுக்கிட்டோம், இப்ப ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலயே அது இருக்குன்னு சார் சொல்லும்போது அவர் முகத்துல ஒரு பெருமை. டேக் ஆஃபும் லேசுப்பட்டதில்ல. சட்டைக்கு அது புட் ஆனோட ஜோடி. விமானத்துக்கு அது மேல கிளம்பறது, அதோட ஜோடி டச் டவுன்.

கரண்ட் பத்திக் கேட்டேன், என் அலாரம் தீராத வழக்காச்சே. கரண்ட் போச்சுன்னா வென்ட் ஆஃப், வந்துச்சுன்னா கேம் ஆன். நம்ம போச்சு, வந்துச்சு மாதிரியே கோ, கம்னு வினைச்சொல்லும் மாறுது. பால் கோஸ் ஆஃப்னா திரிஞ்சு போறது, அதுக்கு எதிர் கெடாம இருக்கறது, அவ்வளவுதான். அலாரம், வெடி இதெல்லாம் கோஸ் ஆஃப்னா அடங்கிக் கிடந்தது திடீர்னு கிளம்பறது. எதிர் வெறும் ஸ்டாப். "சும்மா கிடந்த சாமியாடி மேல சாமி வந்த மாதிரி வச்சுக்கங்க"ன்னார். இதுக்கப்புறம் நான் அதை மறப்பேனா?

நர்ஸ் பொண்ணு கேட்டதெல்லாம் வேற தினுசு. நோயாளி மயக்கம் போட்டா பாஸ் அவுட், தெளிஞ்சா கம் ரவுண்ட். வாந்தி எடுத்தா த்ரோ அப், சாப்பிட்டது தங்கினா கீப் டவுன். இதுல பாருங்க, அப் டவுன் ஜோடி அப்படியே இருக்கு, வினைச்சொல்தான் மாறிடுச்சு. வலி மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சா கிக் இன், வேகம் குறைஞ்சா வெயர் ஆஃப். இந்த ஜோடியை அந்தப் பொண்ணு நோட்டுல எழுதி சுத்திக் கட்டம் போட்டுக்கிச்சு. சாரம் கட்டற தம்பிக்கு புட் அப், டேக் டவுன். ஆளை வேலைக்கு எடுத்தா டேக் ஆன், ஆள் குறைப்புன்னா லே ஆஃப். "ரெண்டாவது எனக்கு வேணாம் சார்"னான்.

பஸ் விஷயம் என் சொந்த ஆராய்ச்சி. தமிழ்ல எல்லாத்துக்கும் ஏறு, இறங்குதான். இங்கிலீஷ்ல பஸ், ரயிலுக்கு கெட் ஆன், கெட் ஆஃப். ஆட்டோ, காருக்கு கெட் இன், கெட் அவுட். உள்ள நிமிர்ந்து நடக்க முடிஞ்சா ஆன், குனிஞ்சு நுழைஞ்சு உட்காரணும்னா இன்னு சார் ஒரு தோராய விதி குடுத்தார். பைக்குக்கு மட்டும் மேல ஏறி உட்கார்றதால திரும்ப ஆன். திங்கக்கிழமை பஸ்ல தவளக்குப்பம் தாண்டும்போது கண்டக்டர் "ஓல்டான்!"னு கத்தினார். பொறந்ததுலேருந்து கேட்கற சத்தம், அன்னைக்குத்தான் காதுல விழுந்துது. அது ஹோல்ட் ஆன்! இவ்வளவு நாளா என் பஸ்ஸே ஒரு ஃப்ரேஸல் வெர்ப்லதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு எதிர்ச்சொல்? "போலாம் ரைட்!" எந்தப் புத்தகத்துல இருக்கு சொல்லுங்க.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னேன். சார், "சரி, ஹோல்ட் ஆனுக்கு எதிர் ஹோல்ட் ஆஃபான்னு பாருங்க"ன்னார். ஹோல்ட் ஆன்னா கொஞ்சம் பொறு. ஹோல்ட் ஆஃப்னா ஒரு காரியத்தை இப்ப செய்யாம தள்ளி வை. மழை ஹெல்ட் ஆஃப்னா வராம தாமதிச்சுது. ரெண்டுமே காத்திருக்கற பக்கம்தான் நிக்குது. ஆனும் ஆஃபும் இருந்தும் எதிரி ஆகலை. இதே மாதிரி ஃபில் இன், ஃபில் அவுட். எங்க கெஸ்ட் ஹவுஸ்ல வெளிநாட்டுக்காரங்க வந்து இறங்கின 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை ஃபார்ம்ல எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பியாகணும், அதனால இந்த ரெண்டு சொல்லும் தினப்படி சமாச்சாரம். "ஷல் ஐ ஃபில் திஸ் அவுட்?"னு கெஸ்ட் கேட்டா, "நோ நோ, ஃபில் இன்"னு நான் திருத்தியிருக்கேன். ரெண்டும் ஒண்ணேதான். பாவம், அவங்களும் சாரின்னுட்டு எழுதினாங்க.

அன்னைக்கு ராத்திரி சாமி விளக்கு முன்னாடி நிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு. எங்க மாமியார் விளக்கை அணைன்னு சொல்லவிட மாட்டாங்க. பொழுது சாஞ்சதும் விளக்கு ஏத்து. படுக்கப் போகும்போது விளக்கை மலையேத்து. ஏத்துக்கு எதிர் மலையேத்து! இதை ஒரு வெள்ளைக்காரருக்கு நான் எப்படிப் புரிய வைக்கறது? அவரும் ஸ்டூல் மேல ஏறி நின்னு துண்டால விசிற வேண்டியதுதான்.

மரம் வெட்டறதுல இன்னொரு வேடிக்கை. கட் டவுன், கட் அப் ரெண்டும் எதிர் இல்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. முதல்ல மரத்தை வெட்டிச் சாய்க்கறது, அப்புறம் துண்டு துண்டா அறுக்கறது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்தப்ப கடலூர்ல இருந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். எங்க கொல்லையில பலாமரத்தை நாங்க கட் டவுன் பண்ணலை, காத்தே ப்ளோ டவுன் பண்ணிடுச்சு. கட் அப் மட்டும் நாங்க, நாலு நாள், வீட்டுல கரண்ட் இல்லாம. அந்த அப்புக்கு மேலன்னு அர்த்தமே இல்ல, முழுசா, மிச்சமில்லாமன்னு அர்த்தம். ஈட் அப், யூஸ் அப் எல்லாம் அந்த வகை. அதுக்கு டவுன் போட்டு எதிர்ச்சொல் தேடறதே வெட்டி வேலை. ஜிப் அப், ப்ளக் இன், டூ அப் மாதிரி சிலதுக்கு எதிர்ச்சொல் பின்னால இல்லாம முன்னால ஒட்டும்: அன்ஜிப், அன்ப்ளக், அன்டூ.

நடுவுல ஒரு நாள் சார், 1755-லயே சாமுவேல் ஜான்சன் தன்னோட அகராதி முன்னுரையில, வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்த விஷயம்தான் ரொம்பக் கஷ்டம்னு எழுதியிருக்கார்னு சொன்னார். அதைக் கேட்டதுலேருந்து எனக்கு மனசு லேசா ஆயிடுச்சு. இது என் தமிழ் மீடியம் பண்ணின தப்பு இல்ல.

'இட்' எங்க வரும்ங்கறதையும் நல்லா நடத்தினார். டர்ன் ஆஃப் தி லைட்னும் சொல்லலாம், டர்ன் தி லைட் ஆஃப்னும் சொல்லலாம். ஆனா இட்டுன்னு வந்துட்டா டர்ன் இட் ஆஃப் மட்டும்தான். கைக்குழந்தையோட ஏறினவங்களுக்கு நடுவுல நகர்ந்து இடம் விடற மாதிரி. கெட் ஆன், லுக் ஆஃப்டர் மாதிரி சிலது மட்டும் நகராது, அதுங்களைத் தனியா மனப்பாடம் பண்ணிக்கணும். அழுத்தம் பத்தியும் சொன்னார்: வினையா சொன்னா செக் இன்ல இன் மேல அழுத்தம், செக்-இன் டைம்னு பெயர்ச்சொல்லா சொன்னா செக் மேல. இது எனக்கு இப்பவும் நாக்குல படிய மாட்டேங்குது.

ஆறாவது வாரம் முடிஞ்ச கையோட ஒரு சோதனை வந்துது. வயசான ஒரு அம்மா, ரூம் 3. ஃபோன்ல, "குட் யூ டர்ன் தி ஏசி டவுன், ப்ளீஸ்?" அவங்க ரிமோட்ல பேட்டரி தீர்ந்திருந்துது. பலகைப் பாடம் படிச்ச திமிர்ல நேரா போனேன். டவுன்னா கீழே, 24-ஐ 20 ஆக்கிட்டு வந்துட்டேன். கால் மணி நேரத்துல அந்தம்மா சால்வையைப் போத்திக்கிட்டு ரிசப்ஷன்ல நிக்கறாங்க. அவங்க குறைக்கச் சொன்னது குளிரை. நான் குறைச்சது நம்பரை. ஞாயிறு சார்கிட்ட போய் முறையிட்டேன். "இதுல உங்க மேல தப்பு இல்லம்மா. ஏசி விஷயத்துல அவங்களுக்குள்ளயே ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்குவாங்க. வெப்பத்தைக் குறைக்கறதா, ஏசியோட வேகத்தைக் குறைக்கறதான்னு சொல்லுலயே தெளிவில்ல. எதைன்னு கேட்டீங்களா?" கேட்கலை. இப்பல்லாம் யாரு ஏசி பத்தி அப்னாலும் டவுன்னாலும் என் வாயில முதல்ல வர்றது, "கோல்டர் ஆர் வார்மர், மேடம்?"

இனி குறை. கடைசி மூணு வாரம் ஓட்டம்தான். மூணு வார்த்தை சேர்ந்து வர்ற லுக் அப் டு, லுக் டவுன் ஆன், ரன் அவுட் ஆஃப் மாதிரியானதை எல்லாம் ஒரே மணி நேரத்துல அடைச்சுட்டார். மேல மதிக்கறது, கீழா நினைக்கறதுன்னு முதல் ஜோடி நல்லாப் புரிஞ்சுது, மிச்சம் மூளைக்குள்ள போகலை. பேசற பயிற்சி போதாது. பதினாலு பேர்ல நாலு பேர் பத்து வாரமும் வாயே திறக்கலை. அவங்களை யாரும் திறக்கச் சொல்லவும் இல்ல.

பெரிய குறை கடைசி நாள் டெஸ்ட். சார் அன்னைக்கு வரலை, ஓனர்தான் வச்சார். கேள்வித்தாள் அப்படியே அந்தப் புத்தகத்துலேருந்து. புட் ஆனுக்கு எதிர் கேட்டிருக்கு. நான் டேக் ஆஃப்னு எழுதினேன், சிவப்பு மையில பெரிய பெருக்கல் குறி. விடைக்குறிப்புப்படி புட் ஆஃபாம். கோ ஆஃபுக்குப் பக்கத்துல, "எது கோ ஆஃப் ஆகுது? கரண்டா, பாலா, அலாரமா?"ன்னு நான் தமிழ்ல எழுதி வச்சதுக்கும் சைபர். ஐம்பதுக்கு முப்பத்தொண்ணு. வகுப்புல வாயே திறக்காத ஒரு பையன் புத்தகத்தை உருப்போட்டு நாற்பத்தெட்டு. சொல்லிப் பார்த்தேன். "கீ-ல இருக்கறதுதான் மேடம் சரி"ன்னுட்டார் ஓனர். விஷயம் தெரிஞ்சு சார் மறுநாள் அந்தப் படியேறி வந்து சத்தம் போட்டதா நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒவ்வொருத்தருக்கும் அவரே திருத்தின மார்க்கைப் போட்டார். எனக்கு நாற்பத்து நாலு. சர்டிஃபிகேட்ல மட்டும் இன்னும் முப்பத்தொண்ணுதான் இருக்கு. லேமினேட் வேற பண்ணிக் குடுத்துட்டாங்க.

அதோட, அட்வான்ஸ்டு பேட்ச்ல சேருங்கன்னு வாரத்துக்கு ரெண்டு ஃபோன் ஓனர்கிட்டேருந்து. போன வாரம் அந்த ஆஃபரை டர்ன் டவுன் பண்ணிட்டேன், இந்த வார்த்தையையே சொல்லி.

மார்க் போடணும்னா: சாருக்கு அஞ்சுக்கு அஞ்சு. பலகைக்குத் தனியா ஒண்ணு போடலாம்னா போடுவேன். இடத்துக்கு ரெண்டு. புத்தகத்துக்கு ஒண்ணும் இல்ல, லுக் பிஃபோர் படிச்சுச் சிரிச்சதுக்கு வேணா அரை. மொத்தத்துல மூணரை. 3,500-க்கு எனக்கு நஷ்டமில்ல, 250-க்குத்தான் வயித்தெரிச்சல்.

சேரணும்னு நினைக்கறவங்க ஃபோன் பண்ணி, இந்த பேட்ச் சார்தான் எடுக்கறாரான்னு முதல்ல கேட்டுக்கங்க. முட்டி ஆபரேஷன் இருக்கறதா சொல்லிக்கிட்டு இருந்தார். அவர் இல்லாத பேட்ச்சுன்னா படியேற வேணாம். புத்தகம் கட்டாயம்னு சொல்லுவாங்க. கட்டாயம் இல்ல, எங்க பேட்ச்லயே ரெண்டு பேர் வாங்கலை, ஒண்ணும் ஆகலை. தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. ஜன்னல் பக்கத்து ஃபேன் சத்தம் போடாதது, பத்து மணிக்குக் கால் மணி முன்னாடி போனா அதுக்குக் கீழ இடம் கிடைக்கும்.